எழுதுபவர் யார் என்று கேட்க ஒரு விதி வேண்டுமா?

மலைக்கோட்டை வாசகி (கேள்வி)

வணக்கம். கேள்வி சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் முதுகலை படிக்கிறேன். டெலிகிராமில் ரசிகர் கதைகளுக்கென ஒரு சிறு குழு நடத்துகிறேன். பிடித்த தொடர்களின் பாத்திரங்களை நம் ஊரில் உலவவிட்டு எழுதுவதுதான் எங்கள் வேலை. பாதிப் பேருக்கு மேல் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ ரசிகர்கள். (நிக், சார்லி என்ற இரண்டு பள்ளிப் பையன்களின் காதலைச் சொல்லும் ஆங்கிலச் சித்திரக்கதை, பிறகு தொடராகவும் வந்தது.) புளியம்பூ என்ற புனைபெயரில் ஒருவர் அதை வைத்து ஒரு தொடர்கதை எழுதிவந்தார். நிக்கும் சார்லியும் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறார்கள். அங்கே ரக்பி ஆடும் நிக் இங்கே கபடி ஆடுகிறான். டிரம்ஸ் வாசிக்கும் சார்லி, தவில்காரர் வீட்டுப் பையன். குழுவில் எல்லோரும் காத்திருந்து படித்த கதை அது.

சென்ற மாதம் ஒருவர் கேட்டார்: “நீங்கள் பெண்தானே? ஆண்களை விரும்பும் ஆண்களின் வாழ்க்கையை எழுத உங்களுக்கு என்ன உரிமை? உங்கள் பாலீர்ப்பு என்னவென்று முதலில் சொல்லுங்கள்.” புளியம்பூ, “எழுதப் பிடித்திருக்கிறது, எழுதுகிறேன்” என்று மட்டும் பதில் சொன்னார். அது போதவில்லை. இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். யாரோ அந்த உரையாடலைப் படம்பிடித்து எக்ஸ் தளத்தில் போட்டு, பால்புதுமையரின் (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் முதலியோரின்) வலியை விற்றுப் பிழைப்பவர் என்று எழுதினார்கள். (விற்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரு பைசா வருமானம் கிடையாது.) மறுநாள் காலையில் பார்த்தால், கதையின் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு அவர் குழுவைவிட்டே போயிருந்தார்.

இப்போது ஒரு விதியை முன்மொழிகிறார்கள். பால்புதுமையர் பாத்திரங்களை வைத்து எழுதுபவர் எவரும் முதல் பகுதியிலேயே தன் பாலினத்தையும் பாலீர்ப்பையும் குறிப்பிட வேண்டும் என்பது விதி. கேட்பவர்களில் இருவர் தாங்களே தன்பாலீர்ப்பாளர்கள். வம்புக்கு வருபவர்கள் அல்லர், நான் மதிப்பவர்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். நானும் என்னைப் பற்றி எதையும் எங்கும் அறிவித்தவள் அல்லள். விதி வந்தால் முதலில் படிவத்தை நிரப்ப வேண்டியவள் நான்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரைப் பிழைதிருத்தி

விதி வேண்டாம் தோழி. ஞாயிறு வரை காத்திருக்கவும் வேண்டாம், இன்றைக்கே நிராகரித்துவிடுங்கள்.

முதலில், நீங்கள் கொண்டாடும் மூலக்கதைக்கே இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ 2016இல் இணையச் சித்திரக்கதையாகத் தொடங்கியது. அதை எழுதி வரைந்த ஆலிஸ் ஓஸ்மன் ஆண் அல்லர். காதல் ஈர்ப்பும் பாலீர்ப்பும் தனக்கு இல்லை என்று பின்னாளில் சொன்னவர். உங்கள் குழுவில் அவர் சேர்ந்திருந்தால் முதல் பகுதியிலேயே மறித்து நிறுத்தியிருப்பார்கள்.

இரண்டாவது, அதே தொடரில் நிக்காக நடித்த கிட் கானர். தொடர் 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அந்தப் பையனுக்கு அப்போதுதான் பதினெட்டு வயது முடிந்திருந்தது. நிக் இருபாலீர்ப்பாளன், தன்னைப் புரிந்துகொள்ளவே அவனுக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படுகிறது, கடைசிப் பகுதியில்தான் அம்மாவிடம் சொல்கிறான். அந்தக் காட்சிக்கு அழாதவர் இல்லை. சில மாதங்கள் கழித்து, நடித்த பையன் ஒரு நடிகையின் கையைப் பிடித்து நடக்கும் படம் வெளியாகிறது. உடனே, “பார்த்தீர்களா, இவன் ஏமாற்றுகிறான், பால்புதுமையரைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறான்” என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இருபாலீர்ப்பாளன் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க மாட்டானா? அந்தப் பாத்திரத்தின் அடிப்படையே அதுதான். செப்டம்பரில் அவர் ட்விட்டரைவிட்டுப் போனார். அக்டோபர் 31 அன்று ஒருமுறை திரும்பிவந்து, தான் இருபாலீர்ப்பாளன் என்றும், பதினெட்டு வயதுப் பையனை வாய்திறக்க வைத்ததற்கு வாழ்த்துகள் என்றும், உங்களில் சிலருக்குத் தொடரே புரியவில்லை போலிருக்கிறது என்றும் எழுதிவிட்டுக் கிளம்பினார். பாத்திரத்துக்குக் கொடுத்த அவகாசத்தை நடிகருக்குக் கொடுக்க ரசிகர்களுக்கு மனம் வரவில்லை.

இது ஒரு தடவை நடந்த தவறு என்று நினைக்காதீர்கள். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு பெக்கி ஆல்பர்டாலிக்கு நடந்தது. பதின்வயது தன்பாலீர்ப்புப் பையன் ஒருவனைப் பற்றி 2015இல் அவர் எழுதிய நாவல் பெரிய வெற்றி பெற்று 2018இல் ‘லவ், சைமன்’ என்ற படமாகவும் வந்தது. ஆணை மணந்த, பிள்ளைகள் பெற்ற பெண்ணுக்கு இதை எழுத என்ன தகுதி என்று ஆண்டுக்கணக்கில் குடைந்தார்கள். 2020 ஆகஸ்டு கடைசியில், தான் இருபாலீர்ப்பாளர் என்றும், இப்படிச் சொல்ல நேர்வது தான் விரும்பிய விதத்தில் அல்ல என்றும் ஒரு கட்டுரை எழுதினார்.

அதே ஆண்டு ஜனவரியில் நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைவு இதழில் இசபெல் ஃபால் என்ற பெயரில் ஒரு சிறுகதை வந்தது. திருநர்களைக் கேலி செய்ய இணையத்தில் புழங்கிய ஒரு வசனத்தையே தலைப்பாக்கி, அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்த கதை. எழுதியவரைப் பற்றி 1988இல் பிறந்தவர் என்பதைத் தவிர வேறு விவரம் எதுவும் இல்லை. போதாதா? 88 என்பது நாஜிகளின் குறியீடு என்றார்கள். எழுதியது ஆண்தான், ஒரு பெண் இப்படி எழுதவே மாட்டாள் என்று வரிவரியாக நிரூபித்தார்கள். எழுதியவர் ஒரு திருநங்கை. அதுவரை வெளியே சொல்லியிராதவர். கதையை அவரே திரும்பப் பெற்றார். தற்கொலை எண்ணம் மிகுந்து மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. மறு ஆண்டு அந்தக் கதை, அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருதின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் என்ன நடக்கக்கூடாதோ அது நடந்து முடிந்திருந்தது.

இந்த மூன்றிலும் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். மதவாதிகளோ, ஒழுக்கக் காவலர்களோ அல்லர். பால்புதுமையர் கதைகளை நேசித்த வாசகர்கள், பலர் தாங்களே பால்புதுமையர். உங்கள் குழுவில் கேட்டவர்களைப் போலவே.

விதியை நடைமுறையில் யோசியுங்கள். தன் அடையாளத்தை வெளிப்படையாகச் சொன்னவருக்கு அந்தப் படிவம் ஒரு பொருட்டே அல்ல. பொய் சொல்லத் துணிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. நீங்கள் என்ன, சான்றிதழா கேட்கப்போகிறீர்கள்? இன்னும் சொல்லாதவர், தனக்கே தெளிவில்லாதவர், அண்ணனின் எண்ணில் டெலிகிராம் வைத்திருப்பவர், இவர்கள்தான் கழன்றுபோவார்கள். யாருக்காக விதி போடுவதாகச் சொல்கிறீர்களோ, அவர்களைத்தான் அது சலித்து வெளியே கொட்டும்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு விலை இன்னும் அதிகம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று குறுக்கியது, சரி. அதற்குப் பிறகும், எங்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, காவல்துறை தேடிவர, அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குப் போதிய அளவு தெரியாது என்று சொல்லி, தானே ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். நீதிபதிக்கு இருந்த அந்தப் பொறுமை நம் ரசிகர்களுக்கு இல்லை. திரைப்பிடிப்பு எடுத்து ஊருக்குக் காட்டும் ஆட்கள் உள்ள ஒரு குழுவில், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணிடம் “நீ யார், எழுதிக் கொடு” என்கிறோம்.

எழுதுபவரின் சொந்த அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓன் வாய்ஸஸ் என்ற அடையாளக்குறியை 2015இல் கோரின் டைவிஸ் என்ற எழுத்தாளர் தொடங்கியபோது அது ஒரு பரிந்துரைப் பட்டியல்தான்: இன்ன வாழ்க்கையை வாழ்ந்தவர்களே எழுதிய புத்தகங்கள் இதோ, தேடிப் படியுங்கள். நல்ல காரியம். சீக்கிரமே பதிப்பாளர்களுக்கு அது விற்பனை முத்திரையாகவும் வாசகர்களுக்குச் சோதனைச் சாவடியாகவும் ஆனது. வீ நீட் டைவர்ஸ் புக்ஸ் என்ற அமைப்பே 2021இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. விரும்பிச் சொல்பவர் சொல்லட்டும். கேட்டு வாங்கக் கூடாது.

ஒன்றை மறந்துவிட்டேன். ரசிகர் கதை என்ற இந்த வழக்கத்தை வளர்த்தவர்களே பெண்கள்தான். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கிர்க், ஸ்பாக் என்ற இரண்டு ஆண்களைக் காதலர்களாக்கி அச்சில் வந்த முதல் கதை என்று சொல்லப்படுவது 1974இல் ஒரு ரசிகர் இதழில் வெளியானது, எழுதியவர் டயான் மார்ச்சன்ட் என்ற பெண். அன்றிலிருந்து இன்றுவரை, எழுதி எழுதியே தன்னை அடையாளம் கண்டுகொண்டவர்கள் எத்தனையோ பேர். முதல் பகுதியிலேயே பதில் கேட்டால் அவர்கள் என்ன எழுதுவார்கள்?

வேலூர் விக்கி

பொழுதுபோக்குக்காகப் படிக்கும் கதைக்கு நீதிமன்றத் தீர்ப்பு வரை போக வேண்டுமா? பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்

விக்கி, உங்களுக்குப் பொழுதுபோகிறது, மகிழ்ச்சி. எனக்கு அந்தக் கதை என் வாழ்க்கையைப் போல இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

பிழைதிருத்தி அக்காவுக்கு: விதி வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். மற்றதில் சண்டை உண்டு.

நான் தன்பாலீர்ப்பாளன். வயது முப்பத்தைந்தைத் தொடுகிறது. நீங்கள் அடுக்கிய மூன்று உதாரணங்களிலும் கேட்டவர்கள் குற்றவாளிகள், கேட்கப்பட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். படிப்பவர், இந்தப் பால்புதுமையர் வாசகர்களே இப்படித்தான், எப்போதும் கூச்சல் என்று முடிவுகட்டிவிடுவார். அந்தக் கூச்சல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டாமா?

எனக்குப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும்போது ‘வேட்டையாடு விளையாடு’ வந்தது. 2006. படத்தில் கொலை செய்துகொண்டே போகும் இரண்டு இளைஞர்களுக்கு நடுவில் என்ன உறவு என்று படமே கோடிகாட்டுகிறது. தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியபோதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் எனக்குக் கிடைத்த ‘நம்மைப் போன்றவர்கள்’ அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் நகைச்சுவைக் காட்சியில் இடுப்பை ஆட்டிவிட்டுப் போகும் ஆட்கள். அப்படி வளர்ந்தவன் கைக்கு, யாரோ அன்போடு எழுதிய ஒரு கதை வந்தால் ஏன் சந்தேகப்படுகிறான் என்பது புரிய வேண்டும்.

நீங்கள் சொன்ன அந்த இணையக் கோபம் நல்லதும் செய்திருக்கிறது. ‘தி ஹண்ட்ரட்’ என்ற அமெரிக்கத் தொடரில் லெக்ஸா என்ற பாத்திரம் 2016 மார்ச் 3 அன்று செத்தாள். ஒரு பெண்ணோடு முதல்முறையாகச் சேர்ந்த அடுத்த சில நிமிடங்களில், வேறு யாரையோ குறிவைத்த துப்பாக்கிக் குண்டு பாய்ந்து. தன்பாலீர்ப்புப் பாத்திரம் சந்தோஷமாக இருந்தால் சாகடித்துவிடுவது அவர்களுடைய தொலைக்காட்சியில் பழைய வழக்கம். ரசிகைகள் விடவில்லை. பால்புதுமை இளைஞர்களுக்கான தற்கொலைத் தடுப்பு அமைப்பான ட்ரெவர் ப்ராஜெக்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் அதே மாதம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். மறு ஆண்டே பெண்களை விரும்பும் பெண்களின் பாத்திரங்களுக்காக மட்டும் லாஸ் வேகஸில் ஒரு மாநாடு நடந்தது. இவ்வளவும் கூச்சலிலிருந்து வந்ததுதான். அவர்கள் யாருடைய படுக்கையறையையும் எட்டிப் பார்க்கவில்லை. எழுதியவன் என்ன எழுதினான் என்று கேட்டார்கள்.

இனி புளியம்பூவின் கதை. நான் அந்தக் குழுவில் இருக்கிறேன், கதையையும் படித்தேன். கேள்வி கேட்டவன் நான் அல்லன், ஆனால் எனக்கும் கேள்விகள் இருந்தன. கபடிப் பகுதி அருமை. உள்ளூர்ப் போட்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே மூச்சடக்கும் இடத்தில் நிக் சார்லியைப் பார்த்து மூச்சை விட்டுவிடுவான். இரண்டு தடவை படித்தேன். மற்றபடி? தவில்காரர் வீட்டுப் பையன் என்கிறார். அந்த வீட்டின் சாதி என்ன, கபடிக் குழுத் தலைவனின் சாதி என்ன, பாளையங்கோட்டையில் இந்த இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாலே யார் என்ன கேட்பார்கள் என்பது பற்றி ஒரு வரி இல்லை. விடுதிக் காப்பாளர் என்று ஒருவர் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. அம்மா ஒரு பக்கத்தில் ஏற்றுக்கொள்கிறாள். இங்கிலாந்துக் கதையில் நிக்கின் அம்மா ஏற்றுக்கொள்வது இயல்பு. இங்கே அது நடக்க முடியாததில்லை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஜோசியர், ஒரு மாமா, ஒரு டாக்டர் வந்துபோயிருப்பார்கள். ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தில் ஒரு நாடகக் குழுவின் ஒரே அறைக்குள் தன்பாலீர்ப்பு இணைகளும் சாதிச் சண்டையும் சேர்ந்தே இருந்தன. எனக்கு அந்தப் படத்தோடு வேறு மனக்குறைகள் உண்டு, அதை விடுங்கள். ஆனால் அந்த அறை எனக்குத் தெரிந்த அறை.

இதையெல்லாம் நான் குழுவில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “எழுதுபவரை ஊக்கப்படுத்துங்கள், இது இலவசமாக எழுதப்படுவது” என்று சொல்லியிருப்பீர்கள், மலைக்கோட்டை. உங்கள் குழுவின் இப்போதைய விதிகளில் மூன்றாவதே “பாராட்டு மட்டும்” என்பதுதானே? கதையைக் குறைசொல்ல வழியில்லாத இடத்தில் மிச்சமிருப்பது ஆளைக் குறைசொல்வது மட்டும்தான். எடுக்க வேண்டிய விதி அது.

நடிக்க வந்தவள்

மூன்று பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் திருநங்கை. என்னிடம் யாரும் “உன் அடையாளத்தைச் சொல்” என்று கேட்பதில்லை. தெருவில் இறங்கினாலே அவர்களாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே “யார் செய்யலாம்” என்ற கேள்வியையே தூக்கி எறியாதீர்கள். எனக்கு அது சோற்றுக் கேள்வி. ‘சூப்பர் டீலக்ஸ்’ 2019இல் வந்தது. அதில் ஷில்பா என்ற திருநங்கையாக நடித்த விஜய் சேதுபதிக்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நன்றாக நடித்தார், மறுக்கவில்லை. அடுத்த ஆண்டு ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் காளிதாஸ் ஜெயராம். அவரும் நன்றாகவே நடித்தார். எங்கள் வேடம் போடுவது ஆண் நடிகர்களுக்கு விருதுக்கான வழி. எங்களுக்கு அந்த வேடம்கூட இல்லை. சென்ற ஆண்டு ஒரு இணையத் தொடரின் நடிகர் தேர்வுக்குப் போனேன், திருநங்கைப் பாத்திரம்தான். குரல் இன்னும் கட்டையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். என்னைப் போலவே இருக்க எனக்குத் தகுதி போதவில்லை. பாத்திரம் ஒரு ஆணுக்குப் போனது.

‘நர்த்தகி’யில் 2011இலேயே கல்கி சுப்ரமணியம் நாயகியாக நடித்தார். ‘பேரன்பு’வில் அஞ்சலி அமீர் நடித்தார். தமிழ்நாட்டுப் பெண்ணான நேகா, ‘அந்தரம்’ என்ற மலையாளப் படத்தில் நடித்துக் கேரள அரசின் விருது வாங்கினார். மூவரும் திருநங்கைகள். ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதற்காக எங்களில் ஒருவரை நடிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ‘ஐ’ படத்தைப் பாருங்கள். அதில் ஒப்பனைக் கலைஞராக வருபவர் நிஜ வாழ்க்கையிலும் பெயர்பெற்ற ஒப்பனைக் கலைஞரான திருநங்கை ஓஜஸ் ரஜானி. அவரை வைத்தே அருவருப்பும் கேலியுமாக எழுதியிருந்தார்கள். 2015 ஜனவரியில் சென்னையில் எங்கள் ஆட்கள் போராட்டம் நடத்தியது அதற்குத்தான். நடித்தவரைக் கண்டித்து அல்ல, எழுதியவர்களையும் அனுமதித்தவர்களையும் கண்டித்து.

நான் சொல்ல வருவது இதுதான். சம்பளமும் வாய்ப்பும் உள்ள இடத்தில், அதைப் பங்கிடும் ஆளைப் பார்த்து, “ஏன் எங்களை எடுக்கவில்லை” என்று கேளுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள், நானும் வருகிறேன். இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் இலவசமாகக் கதை எழுதும் ஒரு பெண் எந்தத் திருநங்கையின் வேலையைப் பறித்தாள்? அவளிடம் போய் ஏன் கேட்கிறீர்கள்? பெரிய கம்பெனிக்காரன் பதில் சொல்ல மாட்டான், இவள் சொல்வாள். அதனால்தான் இவளிடம் கேட்கிறார்கள்.

மதுரைப் பிழைதிருத்தி

நடிக்க வந்தவள் சொன்னதோடு நான் சேர்க்க ஒன்றுமில்லை. நடிப்பு வேலையும் ரசிகர் கதையும் வேறு வேறு என்பதை நான் பிரித்து எழுதியிருந்தால் இன்னும் சுருக்கமாக முடித்திருக்கலாம்.

சிங்காநல்லூர்த் தம்பி, லெக்ஸா விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கோபம் சம்பளம் வாங்கும் எழுத்தாளர்கள் மேலும் தொலைக்காட்சி நிறுவனத்தின் மேலும் திரும்பியது. அதோடு, அந்த வாரங்களில் எல்லாமே நாகரிகமாக நடக்கவில்லை என்பது அந்தத் தளங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். சாதி பற்றிக் கேட்டீர்களே, அது நூறு விழுக்காடு சரி. அதை நீங்கள் புளியம்பூவிடம் கேட்டிருந்தால் அடுத்த பகுதியில் விடுதிக் காப்பாளர் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். “பாராட்டு மட்டும்” என்ற விதி இருப்பது எனக்குத் தெரியாது. பிழை திருத்திச் சோறு தின்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அது மோசமான விதி.

மலைக்கோட்டை வாசகி

எல்லோருக்கும் நன்றி. அடையாள விதியை இன்று காலை நிராகரித்துவிட்டேன். முன்மொழிந்தவர்களில் ஒருவர் கோபமாக வெளியேறினார். இன்னொருவரோடு நீண்ட நேரம் பேசினேன். சிங்காநல்லூர் அண்ணன் எழுதியதை அவருக்கு அனுப்பியதும் சற்று இறங்கிவந்தார்.

மூன்றாவது விதிக்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்: “கதையில் உள்ளதைப் பற்றி எதையும் கேட்கலாம், கண்டிக்கலாம். எந்தப் பகுதி, எந்த வரி என்று சுட்டிக்காட்ட வேண்டும். எழுதியவரின் பாலினம், பாலீர்ப்பு, சாதி, ஊர், கல்லூரி ஆகியவற்றைக் கேட்கக் கூடாது. ஊகித்தும் எழுதக் கூடாது. குழு உரையாடலைப் படம்பிடித்து வெளியே போடுபவர் நீக்கப்படுவார்.”

“அப்படியானால் சாதியைப் பற்றிப் பேசக்கூடாதா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கதையின் சாதியைப் பேசலாம், எழுதியவரின் சாதியைத் துருவக்கூடாது என்று விளக்கினேன். அது மட்டும் இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. சாதியை எழுதாமல் விடுவதே பெரும்பாலும் எழுதுபவர் எந்தச் சாதி என்பதால்தான், அதை எப்படிக் கேட்காமல் இருப்பது என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. புளியம்பூ அழித்த கதையின் எல்லாப் பகுதிகளையும் ஒரு தோழி பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறார். அவருக்கு ஆதரவு காட்டும் விதமாகக் குழுவில் மறுபடி பதிவேற்றலாமா என்று கேட்கிறார். நிறையப் பேர் ஆவலாக இருக்கிறார்கள்.

சிங்காநல்லூர்க்காரன்

கூடாது. எனக்கும் அந்தக் கபடிப் பகுதியை மறுபடி படிக்க ஆசைதான். ஆனால் அழித்தது அவர். ஏன் அழித்தார் என்பதும் நமக்குத் தெரியாது. வீட்டில் யாராவது பார்த்திருக்கலாம். எக்ஸ் தளத்தில் போட்ட படம் எங்கெங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? அவர் எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால் தனியாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். சாதிக் கேள்வியைக் கேட்டவரை என்னிடம் அனுப்புங்கள், பேசுகிறேன்; அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

நடிக்க வந்தவள்

அந்தத் தோழியிடம் கோப்பை வேறு யாருக்கும் அனுப்பவில்லையே என்றும் கேளுங்கள். “ஒருவருக்கு மட்டும்” என்றுதான் எல்லாமே தொடங்கும். விதியில் “வெளியே போடுபவர்” என்று இருக்கிறதே, “வெளியே அனுப்புபவர்” என்று மாற்றுங்கள். தனிச்செய்தியில் அனுப்பினாலும் அதே தண்டனை.